பால்வீதிக்குள்ளேயே இருந்துகொண்டு அதன் உருவமும் வரலாறும் எப்படித் தெரிந்தது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "பால்வீதியை விட்டு எந்த விண்கலமும் வெளியே போனதில்லை. அப்புறம் அந்தச் சுருள் வடிவப் படத்தை எடுத்தது யார்? நம் கேலக்ஸி இன்னொன்றை விழுங்கி வளர்ந்தது என்கிறார்களே, அதை யார் பார்த்தார்கள்? ஆண்ட்ரோமெடா வந்து மோதப்போவது நிஜமா?"

மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம், ஏனென்றால் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பால்வீதி இன்று எப்படி இருக்கிறதோ அதிலேயே அதன் பழைய கதையும் பதிந்திருக்கிறது. நட்சத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் பாதிதான் தெரியும். எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகின்றன, எவற்றால் ஆனவை என்றும் பார்த்தால்தான் மீதி புரியும்.

முதலில் அந்தப் படம். அது போட்டோ இல்லை, வரைந்தது. இணையத்தில் சுற்றும் சுருள்களில் பெரும்பாலானவை 2008-ல் நாசாவுக்காக ராபர்ட் ஹர்ட் வரைந்த ஓவியமாகவோ அதைத் திருத்திய வடிவமாகவோ இருக்கும். அவர் வானியல் படித்தவர், ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கியின் தரவுகளை வைத்துக்கொண்டு வரைந்தார், ஆகவே சும்மா கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. நடுவில் இருக்கும் நீளமான நட்சத்திரப் பட்டை, மையத்திலிருந்து சூரியனின் தூரம், நமக்குப் பக்கத்துச் சுருள் கரங்களின் போக்கு இவையெல்லாம் அளந்தவை. மையத்துக்கு அந்தப் பக்கம் கரங்கள் எங்கே வளைகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்பதில் ஊகம் நிறைய. 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 இத்தனை வருஷம் ஓடியும் ஏறக்குறைய ஒளி ஒரு நாளில் கடக்கும் தூரத்தைத்தான் எட்டியிருக்கிறது. மேலேயிருந்து படம் எடுக்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கான ஒளியாண்டு போகவேண்டும். அதனால் "வெளியிலிருந்து எடுத்த பால்வீதி" என்று யாராவது அனுப்பினால் அது ஓவியம், இல்லையென்றால் வேறு ஏதோ கேலக்ஸி. பல சமயம் ஆண்ட்ரோமெடாவையே பேர் மாற்றிப் போட்டிருப்பார்கள்.

அளவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரங்கள் நிறைந்த தட்டு, குறுக்கே சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. தடிமன் ஆயிரம் ஒளியாண்டு அளவுதான். நட்சத்திரங்கள் 10,000 கோடியிலிருந்து 40,000 கோடி வரை. இவ்வளவு பெரிய இடைவெளி ஏனென்றால் கண்ணுக்கே தெரியாத மங்கலான சிவப்புக் குள்ளன்கள்தான் எண்ணிக்கையில் பெரும்பான்மை. சூரியன் மையத்திலிருந்து ஏறக்குறைய 26,700 ஒளியாண்டு தள்ளி, ஓரியன் கரம் என்ற சின்னக் கரத்தில் இருக்கிறது. நொடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 22, 23 கோடி ஆண்டு. போன சுற்றில் இதே இடத்தில் இருந்தபோது பூமியில் டைனோசர்கள் தலைகாட்ட ஆரம்பித்த காலம்.

இந்த எண்களைப் பிடிப்பதற்கே இருநூறு வருஷம் ஆயிற்று. 1785-ல் வில்லியம் ஹெர்ஷல் ஒவ்வொரு திசையிலும் தொலைநோக்கியைத் திருப்பி நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து, சூரியன் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது என்று படம் போட்டார். மார்கழி மூடுபனியில் வயல் நடுவே நிற்கிறவனுக்கு எல்லாப் பக்கமும் ஒரே தூரம்தான் தெரியும், தான்தான் நடுவில் நிற்பதாகத் தோன்றும். ஹெர்ஷலுக்கும் அதுதான் நடந்தது. தட்டு முழுக்க நுண்ணிய தூசு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1922-ல் டச்சு வானியலாளர் காப்டைன் போட்ட கணக்கிலும் சூரியன் மையத்துக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது.

இதை உடைத்தவர் ஹார்லோ ஷாப்லி. தட்டுக்குள் பார்க்காமல் தட்டுக்கு மேலும் கீழும் சிதறிக் கிடக்கும் கோளக் கொத்துகளைப் பார்த்தார். லட்சக்கணக்கான கிழட்டு நட்சத்திரங்கள் பந்து போல நெருங்கியிருக்கும் கூட்டங்கள் இவை, தூசுக்கு வெளியே இருப்பதால் நன்றாகத் தெரியும். நாம் நடுவில் இருந்தால் எல்லாத் திசையிலும் சமமாக இருக்கவேண்டும், ஆனால் அவை தனுசு ராசிப் பக்கம் குவிந்திருந்தன. அப்படியானால் மையம் அங்கே, நாம் ஓரத்தில் என்று 1918 வாக்கில் சொன்னார். திசை சரி, அளவு தப்பு: பால்வீதியின் குறுக்களவு 3 லட்சம் ஒளியாண்டு என்றார். அந்த மிகைக்கு ஒரு காரணம் தூசுதான். 1930-ல் ராபர்ட் டிரம்ப்ளர் தூசு நட்சத்திர ஒளியை மங்கச் செய்கிறது என்று நிரூபித்த பிறகுதான் கணக்கு தரைக்கு வந்தது. அதற்கிடையில் 1923-ல் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடாவில் ஒரு செபீட் மாறுவிண்மீனை (ஒளி கூடிக் குறையும் காலத்தை வைத்தே தூரம் சொல்லக்கூடிய நட்சத்திரம்) கண்டுபிடித்து, அது நமக்குள் இருக்கும் மேகம் அல்ல, தனி கேலக்ஸி என்று காட்டியிருந்தார். பால்வீதிதான் பிரபஞ்சம் என்ற நினைப்பு அங்கே முடிந்தது.

தூசு எவ்வளவு மோசம் என்றால், மையத்திலிருந்து கிளம்பும் சாதாரண ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நமக்கு வந்து சேர்கிறது. அகச்சிவப்பில் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு வருகிறது. ரேடியோ அலைக்குத் தூசு ஒரு பொருட்டே இல்லை. 1951-ல் ஈவனும் பர்செலும் ஹைட்ரஜன் அணு வெளியிடும் 21 சென்டிமீட்டர் அலையைப் பிடித்ததும் கேலக்ஸி முழுவதும் பரவியிருக்கும் வாயுவைப் பார்க்க முடிந்தது. அதே வருஷம் வில்லியம் மார்கன் இளம் நீல நட்சத்திரக் கூட்டங்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்து, அவை கோடுகோடாகக் கிடப்பதைக் காட்டினார். நம்முடையது சுருள் கேலக்ஸி என்பதற்கு நேரடிச் சாட்சி அதுதான்.

ஆனால் ரேடியோவில் ஒரு சிக்கல் உண்டு. வாயுவின் வேகம் கிடைக்கும், தூரம் கிடைக்காது. கேலக்ஸி இப்படிச் சுற்றுகிறது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வேகத்திலிருந்து தூரத்தை ஊகிக்கவேண்டும், நம் சுற்றுக்கு உள்பக்கம் பார்க்கும்போது ஒரே வேகத்துக்கு இரண்டு தூரங்கள் பொருந்தும். பழைய வரைபடங்களில் கரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததற்கு இது பெரிய காரணம். இப்போது பெரிய நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களில் இருக்கும் மேசர் என்ற கூர்மையான ரேடியோ மூலங்களை, பூமி சூரியனின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும்போது அளந்து, பள்ளிக்கூடத்தில் படித்த அதே இடமாறு தோற்றத்தை வைத்து நேராகவே தூரம் சொல்கிறார்கள். 2017-ல் மையத்தையும் தாண்டி அந்தப் பக்கம் 66,000 ஒளியாண்டுக்கு மேல் இருக்கும் ஒன்றை இப்படி அளந்தார்கள். படத்தின் அந்தப் பாதி இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டிருக்கிறது.

கரங்கள் பற்றி ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கரம் என்றால் ஒரே நட்சத்திரங்கள் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவை ஒரு சுற்றைச் சீக்கிரம் முடிக்கும், வெளியே இருப்பவை தாமதமாக முடிக்கும். அப்படி ஒட்டியிருந்தால் பத்துச் சுற்றுக்குள் கரம் இறுகச் சுருண்டு அடையாளமே தெரியாமல் போயிருக்கும். 1964-ல் லின், ஷூ இருவரும் இது நெரிசல் அலை என்று விளக்கினார்கள்: நட்சத்திரங்களும் வாயுவும் கரத்துக்குள் நுழைந்து, கொஞ்சம் நெருங்கி, வெளியேறிவிடும். அலை பல நூறு கோடி ஆண்டு நிற்குமா, தோன்றித் தோன்றி மறையுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மறைந்து மறைந்து புதிதாகத் தோன்றுகிறது என்ற பக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. கணினியில் ஓட்டிப் பார்க்கும் கேலக்ஸிகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

நடுவில் இருக்கும் பட்டையும் இப்படிப் பிற்பாடு தெரிந்ததுதான். 2005-ல் ஸ்பிட்சர் தொலைநோக்கி கோடிக்கணக்கான நட்சத்திரங்களை அகச்சிவப்பில் எண்ணி, பட்டை சுமார் 27,000 ஒளியாண்டு நீளம் என்று காட்டியது. அதன் நடுவில் தனுசு ஏ ஸ்டார் என்ற கருந்துளை, சூரியனைப் போல 40 லட்சம் மடங்குக்கும் கொஞ்சம் அதிக நிறை. எஸ்2 என்ற நட்சத்திரம் அதை 16 வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது, 2018 மே மாதம் பக்கத்தில் வந்தபோது நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. ஒரு நட்சத்திரத்தை அவ்வளவு வேகமாகச் சுழற்ற வேறு எதனாலும் முடியாது என்று காட்டியதற்குத்தான் கென்செலுக்கும் ஆண்ட்ரியா கெஸ்ஸுக்கும் 2020 நோபல். 2022 மே 12 அன்று அதன் நிழல் படமே வந்துவிட்டது. கருந்துளை என்றதும் எல்லோரும் அதிலேயே நின்றுவிடுவார்கள், ஆனால் பால்வீதியின் வளர்ச்சிக் கதையில் அதற்குச் சின்ன வேஷம்தான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இதற்குச் சுவாதி நட்சத்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். வைகாசி மாத இரவில் சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று தெரியும், தமிழ்நாட்டில் இருந்து பார்த்தால் ஏறக்குறைய உச்சியில். 37 ஒளியாண்டுதான் தூரம். 1718-ல் எட்மண்ட் ஹாலி அதன் இடத்தைப் பழைய கிரேக்கக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அது ஒரு பாகைக்கு மேல் நகர்ந்துவிட்டதைக் கண்டார். நட்சத்திரங்கள் அசையாதவை என்ற எண்ணத்தை முதலில் ஆட்டியவற்றில் இதுவும் ஒன்று. சுமார் 800 வருஷத்துக்கு முழு நிலவின் அகலம் அளவு நகர்கிறது. ஏன் இவ்வளவு வேகம்? சூரியனோடு சேர்ந்து ஓடும் பக்கத்து நட்சத்திரங்களைவிட இது நொடிக்கு 100 கிலோமீட்டர் போலப் பின்தங்குகிறது, நாம்தான் அதைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறோம். அதன் ஒளியைப் பிரித்து நிறமாலையைப் பார்த்தால் இரும்பு சூரியனில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் இரும்போடு ஒப்பிட மெக்னீசியம் அதிகம்.

இந்த மெக்னீசியம்–இரும்பு விகிதம் ஒரு கடிகாரம். ஆக்சிஜன், மெக்னீசியம் போன்றவை பெருத்த நட்சத்திரங்கள் வெடிப்பதால் வருகின்றன. அவை பிறந்து சில கோடி ஆண்டுக்குள் வெடித்துவிடும். இரும்பில் பெரும்பங்கு வெள்ளைக் குள்ளன்கள், அதாவது எரிந்து முடிந்த சின்ன நட்சத்திரங்களின் மிச்சங்கள், வெடிப்பதால் வருவது, அதற்கு இன்னும் நெடுங்காலம் ஆகும். ஆகவே மெக்னீசியம் தூக்கலாக இருந்தால் அந்த நட்சத்திரம் இரும்பு வந்து சேர்வதற்கு முன்னாலேயே, அவசர அவசரமாகப் பிறந்த கூட்டத்தைச் சேர்ந்தது. பால்வீதியில் அப்படி ஒரு கூட்டமே இருக்கிறது. 1983-ல் கில்மோரும் ரீடும் மெல்லிய தட்டைத் தவிர அதைவிட மூன்று மடங்கு தடித்த இன்னொரு தட்டு இருப்பதை எண்ணிக்கையிலிருந்து கண்டுபிடித்தார்கள். அந்தத் தடித்த தட்டின் நட்சத்திரங்கள்தான் இவை: வயதானவை, இரும்பு குறைந்தவை, மெக்னீசியம் மிகுந்தவை, தாறுமாறாக மேலும் கீழும் போய்வருபவை.

இந்த வேலையெல்லாம் ஒன்றொன்றாக நடந்துகொண்டிருந்த இடத்தில் காயா விண்கலம் வந்தது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 டிசம்பரில் அனுப்பியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, ஏறக்குறைய 200 கோடி நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் திரும்பத் திரும்ப அளந்து, 2025 ஜனவரியில் வேலையை முடித்தது. 2018 ஏப்ரலில் அதன் இரண்டாவது தொகுப்பு வெளியான பிறகு பால்வீதி பற்றிய பாடப்புத்தகத்தில் வரலாற்று அத்தியாயத்தை ஏறக்குறைய புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

அதில் பெரிய செய்தி, விழுங்கிய கதை. சூரியனைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களில், தட்டோடு சேர்ந்து ஓடாத ஒரு பெருங்கூட்டம் இருந்தது. அவை வட்டமாகச் சுற்றாமல் மையத்தை நோக்கி விழுந்து, மறுபடி வெளியே பாய்ந்து போய்வரும் நீண்ட பாதையில் இருந்தன, சில எதிர்த்திசையிலும் ஓடின. அமினா ஹெல்மி குழுவும், தனியாக பெலோகுரோவ் குழுவும் இதை 2018-ல் கண்டார்கள். பாதை மட்டும் என்றால் சந்தேகப்படலாம். ஆனால் இரும்பு அளவு ஒன்றாக இருந்தாலும் இவற்றில் மெக்னீசியம் குறைவு, அதாவது இவை நம் தட்டைப் போல வேகமாக அல்லாமல் நிதானமாக நட்சத்திரம் பெற்ற ஒரு சின்ன கேலக்ஸியில் பிறந்தவை. பாதையும் ரசாயனமும் ஒரே ஆளைக் கைகாட்டின. காயா–என்செலடஸ் என்று பேர் வைத்தார்கள். சுமார் 1,000 கோடி ஆண்டுக்கு முன் வந்து மோதியது. அப்போதைய பால்வீதியின் நிறையில் நாலில் ஒரு பங்கு இருக்கும் என்பது ஹெல்மி குழுவின் மதிப்பீடு. ஏற்கெனவே உருவாகியிருந்த நம் இளம் தட்டை அது கலக்கிவிட்டது, அதில் சில நட்சத்திரங்கள் மேலே தூக்கி எறியப்பட்டன. இன்று தட்டைச் சுற்றி மங்கலாகப் பரவியிருக்கும் ஒளிவட்டத்தின் உள்பகுதியில் பெரும்பங்கு அதன் மிச்சம்தான்.

ஒரு கேலக்ஸி இன்னொன்றுக்குள் ஏன் விழுந்து அடங்கவேண்டும், ஊடுருவிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடக்கூடாதா என்று கேட்கலாம். இதற்கு விடை சொன்னவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.சந்திரசேகர். அவருடைய நோபல் பரிசு பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், எனக்கு 1943-ல் எழுதிய இந்தக் கட்டுரைதான் பெரிது. கனமான ஒன்று நட்சத்திரக் கூட்டத்துக்குள் போகும்போது சுற்றியிருப்பவற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. அவை வந்து சேர்வதற்குள் அது முன்னே போய்விடுவதால் பின்னால் கூட்டம் சேர்ந்து அதைப் பின்னுக்கு இழுக்கும். எதுவும் எதோடும் முட்டாமலேயே உராய்வு. ஒவ்வொரு சுற்றிலும் வேகம் குறைந்து மையத்தை நோக்கி அமிழ்ந்துவிடும். கேலக்ஸிகள் ஒன்றையொன்று விழுங்குவது என்கிறோமே, அதன் இயக்கவியல் இதுதான்.

இது பழங்கதை மட்டும் இல்லை. தனுசுக் குள்ள கேலக்ஸியை 1994-ல்தான் கண்டுபிடித்தார்கள், மையத்துக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருந்தது. பால்வீதி அதை இப்போது கிழித்துக்கொண்டிருக்கிறது, உருவிய நட்சத்திரங்கள் வானம் முழுக்க நாடா போலச் சுற்றிக் கிடக்கின்றன. அது தட்டைக் கடந்து போன ஒவ்வொரு முறையும் இங்கே தடயம் விட்டிருக்கிறது. சூரியனுக்குப் பக்கத்து நட்சத்திரங்களின் உயரத்தை ஒரு அச்சிலும் மேல்–கீழ் வேகத்தை இன்னொரு அச்சிலும் வைத்துப் புள்ளி போட்டால், ஒழுங்காக ஒரு மொத்தைதான் வரவேண்டும். 2018-ல் தெரேசா அந்தோஹா குழு போட்டபோது நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் வந்தது. 30 கோடியிலிருந்து 90 கோடி ஆண்டுக்கு முன்பு ஏதோ ஒன்று தட்டை உலுக்கியிருக்கிறது, அந்த ஆட்டம் இன்னும் அடங்கவில்லை. குற்றவாளி தனுசுக் குள்ளன் என்பது பலரின் கணிப்பு. சுமார் 570 கோடி, 190 கோடி, 100 கோடி ஆண்டுக்கு முன் நம் வட்டாரத்தில் நட்சத்திரப் பிறப்பு திடீரென்று கூடியிருக்கிறது, அது அந்தக் குள்ளன் நெருங்கி வந்த காலங்களோடு பொருந்துகிறது என்று 2020-ல் ஒரு ஆய்வு வந்தது. சூரியன் பிறந்தது 460 கோடி ஆண்டுக்கு முன். முதல் எழுச்சியின் தொடர்ச்சியில் நம் சூரியனும் பிறந்தது என்று சிலர் அதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கவர்ச்சியான பேச்சு, ஆனால் ஒரு தனி நட்சத்திரத்துக்கு அப்படிக் காரணம் கட்டமுடியாது.

வரிசையாகச் சொல்வதென்றால்: தடித்த தட்டு 1,300 கோடி ஆண்டுக்கு முன்பே, அதாவது பெருவெடிப்பு நடந்து 80 கோடி ஆண்டிலேயே உருவாக ஆரம்பித்துவிட்டது என்று ஷியாங், ரிக்ஸ் இருவரும் 2022-ல் காட்டினார்கள். அப்புறம் என்செலடஸ் மோதல். அதன் பிறகு வாயு அடங்கித் தட்டையாகப் படிந்து, மெல்லிய தட்டு நிதானமாக வளர்ந்தது. சுமார் 800 கோடி ஆண்டுக்கு முன் நடுவில் பட்டை உருவானது. இப்போது வருஷத்துக்கு ஒன்றிரண்டு சூரியன் எடை அளவுதான் புது நட்சத்திரம் பிறக்கிறது. தட்டும் சமமாக இல்லை; செபீட்களை வைத்து 2019-ல் போட்ட முப்பரிமாண வரைபடத்தில் அதன் ஓரம் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் வளைந்திருக்கிறது.

மொத்த நிறையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். நாம் பார்க்கும் நட்சத்திரமும் வாயுவும் மட்டும் இருந்தால் வெளிப்பக்கம் போகப்போகச் சுற்றும் வேகம் நன்றாகக் குறையவேண்டும், குறையவில்லை. மொத்தம் சூரியனைப் போல லட்சம் கோடி மடங்கு என்பது வழக்கமாகச் சொல்லும் அளவு. 2023-ல் காயா தரவை வைத்து, தட்டின் விளிம்பில் வேகம் விழுகிறது, அதனால் நிறை 20,000 கோடி சூரியன்தான் என்று ஒரு குழு எழுதியது, செய்தித்தாள்கள் கொண்டாடின. வெகு தொலைவில் சுற்றும் துணை கேலக்ஸிகளையும் கோளக் கொத்துகளையும் பிடித்துவைக்க அது போதாது என்பதால் நான் பழைய அளவோடுதான் நிற்கிறேன்.

கடைசியாக ஆண்ட்ரோமெடா. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருந்து நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, அதில் சந்தேகமே இல்லை. மோதுமா என்பது பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது என்பதைப் பொறுத்தது, அதை அளப்பதுதான் கஷ்டம். 2012-ல் ஹபிள் தொலைநோக்கியின் அளவை வைத்து 400 கோடி ஆண்டில் மோதல் நிச்சயம் என்றார்கள், எல்லாப் பள்ளிக்கூடக் கண்காட்சியிலும் அதுதான் ஒட்டியிருக்கிறது. 2025-ல் சவாலா குழு அளவீட்டுப் பிழைகளையெல்லாம் சேர்த்து, நமக்குத் துணையாக இருக்கும் சின்ன கேலக்ஸியான பெரிய மகெல்லன் மேகத்தின் இழுப்பையும், ஆண்ட்ரோமெடாவுக்குப் பக்கத்து முக்கோண கேலக்ஸியின் இழுப்பையும் கணக்கில் கொண்டு ஓட்டிப் பார்த்ததில், அடுத்த 1,000 கோடி ஆண்டில் இணைவதற்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வந்தது. முக்கோண கேலக்ஸி சேர்த்துவைக்கப் பார்க்கிறது, மகெல்லன் மேகம் விலக்கிவிடப் பார்க்கிறது. அந்த மேகமே நம்மிடம் இருந்து 1,60,000 ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது, பால்வீதியோடு அது இணைவது ஏறக்குறைய உறுதி, சுமார் 200 கோடி ஆண்டில். எது வந்து சேர்ந்தாலும் நட்சத்திரமும் நட்சத்திரமும் முட்டிக்கொள்ளாது, அவற்றுக்கு இடையே அவ்வளவு வெற்றிடம். வாயு மேகங்கள்தான் மோதி புது நட்சத்திரங்களைப் பெறும். காயாவின் நான்காவது தொகுப்பு 2026 டிசம்பரில் வரவிருக்கிறது. அதில் ஆண்ட்ரோமெடாவின் பக்கவாட்டு நகர்வு இன்னும் துல்லியமாகக் கிடைத்தால் அந்தப் பாதிக்குப் பாதி ஏதாவது ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் என்று கேட்டால் நான் பந்தயம் கட்டமாட்டேன்.